கமக்காரர் கூட்டத்தில் யார் கை தூக்கலாம்?

இலங்கையின் வடக்கே வன்னியில், ஒரு குளத்தை நம்பி நெல் செய்யும் கமக்காரர் போகத்துக்கு ஒரு முறை கூடுவார்கள். மழைக்காலத்துக் காலபோகக் கூட்டம் புரட்டாசியில் நடக்கும். கோடைச் சிறுபோகக் கூட்டம், குளத்தில் மிஞ்சியிருக்கும் தண்ணீரைப் பார்த்து, பங்குனி சித்திரையில். முதல் தண்ணீர் எப்போது திறப்பது, கடைசித் தண்ணீர் எப்போது, மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, வேலி எந்தத் திகதிக்குள் அடைத்து முடிய வேண்டும், அதற்குப் பிறகு வயலுக்குள் இறங்கும் மாட்டுக்கு என்ன தண்டம், வாய்க்காலில் யார் எவ்வளவு வெட்டுவது என்று ஒரு போகத்தின் தலையெழுத்தே அந்த ஒரு கூட்டத்தில் முடிவாகிவிடும். வன்னியில் வழக்காற்று நில ஆளுகை இன்னும் உயிரோடு நடக்கிற இடம் இதுதான். 1946 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டமும் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டமும் அதற்கு ஒரு சட்ட வடிவம் கொடுத்திருக்கின்றன. 200 ஏக்கர் வரை பாயும் குளம் சிறுகுளம், அது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. ஆனால் யார் முன்வரிசையில் இருப்பது, யாருடைய பேச்சு எடுபடும், யாருடைய பங்கை முதலில் அளப்பது என்பதெல்லாம் வட்டவிதானையார் (ஊரின் நீர்ப்பங்கீட்டைப் பார்த்த பழைய அதிகாரி) காலத்திலிருந்து வருகிற பழக்கமே.

பெண்கள் கமக்காரர் அமைப்பில் சேரக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இளையோர் சேரக்கூடாது என்றும் இல்லை. அப்படியிருந்தும் கூட்டத்தில் கை தூக்குபவர்களில் பெரும்பாலானோர் ஐம்பது கடந்த ஆண்கள். அடிக்கடி சொல்லப்படும் காரணங்கள் கூச்சம், அக்கறையின்மை, "பொடியள் வெளிநாட்டுக்குப் போகத்தான் நிக்கிறாங்கள்" என்பவை. உண்மையான காரணம் பதிவேட்டில் இருக்கிறது. கமநல சேவை நிலையத்தின் விவசாயக் காணிப் பதிவேட்டில் ஒரு வயலுக்கு எதிரே யாருடைய பெயர் இருக்கிறதோ, கூட்ட அறிவித்தல் அவருக்குத்தான் போகிறது. உர மானியம் அந்தப் பெயருக்கு. வெள்ளத்தில் பயிர் அழுகினால் நட்டஈடும் அந்தப் பெயருக்கு. சிறுபோகப் பங்கும் அந்தப் பெயருக்குத்தான். பெயர் இல்லாதவரைக் கூட்டத்துக்கு அழைத்து நாற்காலி போட்டுக் கொடுத்தாலும் அவர் விருந்தாளியாகத்தான் இருப்பார். ஆகவே சீர்திருத்தத்தைக் கூட்ட மண்டபத்தில் தொடங்குவது தலைகீழ் வேலை. முதலில் பெயர், பிறகு கூட்ட விதி, அதன் பிறகு தண்ணீரும் பொதுநிலமும் என்ற வரிசையே வேலை செய்கிறது.

பெயர் ஏறாமல் போவதற்கான காரணம் காணியின் வகையைப் பொறுத்தது. தனியார் உறுதி எழுதி வைத்திருக்கும் உறுதிக்காணிக்கு ஒரு சட்டம், அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேர்மிற் காணிக்கு வேறு சட்டம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் நட்டம் கொஞ்சமல்ல.

உறுதிக்காணிக்கு, வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை. 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்டு, 1806 இல் ஆங்கிலேயரால் சட்டமாக ஏற்கப்பட்டு, 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாண திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தாலும் 1947 இன் திருத்தத்தாலும் மாற்றப்பட்டது. முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (திருமணத்துக்குப் பின் தேடிய சொத்து) என்ற பிரிவுகளில் பெண்ணுக்குச் சொந்தச் சொத்து தெளிவாகவே உண்டு. சீதனக் காணி அவளுடைய பெயரில்தான் இருக்கும். சிக்கல் வேறிடத்தில். திருமணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் 2009 இல் காணாமற் போயிருந்தால் சம்மதம் எங்கிருந்து வரும்? அதே 1911 சட்டத்தில் வழி இருக்கிறது. கணவன் கைவிட்டுப் போனால், அவர் இருக்குமிடம் தெரியாவிட்டால், அல்லது நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்துச் சம்மதத்துக்குப் பதிலான கட்டளை பெறலாம். இது தெரியாமல் ஒற்றிக்கு (கடனுக்கு வட்டிக்குப் பதிலாக அனுபவிக்க விடுவது) காணியை வாய்ப்பேச்சில் கொடுத்துவிட்டு, மீட்கப் போகும்போது கையில் ஒரு துண்டும் இல்லாமல் நிற்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் பெரும்பகுதி பேர்மிற் காணி. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமாகவோ பின்னர் அளிப்பாகவோ (நிபந்தனையோடு உரிமை தரும் அரச பத்திரம்) கொடுக்கப்பட்டவை. இந்தக் காணிக்குத் தேசவழமை செல்லாது. மரணசாசனம் எழுதினாலும் செல்லாது. காணிக்காரருக்குப் பின் காணி யாருக்கு என்று அந்தச் சட்டம் சொல்கிற பின்னுரித்து ஒன்றே செல்லும். ஆனால் வீடுகளில் நடப்பது என்ன? வயல் மகனுக்கு, வளவு மகளுக்குச் சீதனம் என்று பெரியவர்கள் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். மகள் வீடு கட்டி, கிணறு வெட்டி, இருபது வருடம் இருந்த பிறகு தகப்பன் இறக்கிறார். பிரதேச செயலகத்தின் காணிக்கிளையில் பார்த்தால் பின்னுரித்தாளர் நியமனம் எதுவும் இல்லை. அந்தச் சட்டத்தின் பழைய மூன்றாம் அட்டவணைப்படி மகன்மாருக்கு மகள்மாரை விட முன்னுரிமை, அவர்களுக்குள் மூத்தவருக்கு முன்னுரிமை. சீதனம் என்று சொல்லி மகளுக்குக் கொடுத்த வளவுக்கும் அண்ணனே சட்டப்படி உரிமையாளர் ஆகிவிடுகிறார். அண்ணன் நல்லவராக இருந்தாலும் அண்ணியும் பெறாமக்களும் அப்படியே இருப்பார்கள் என்று யார் எழுதிக் கொடுப்பது?

2022 இன் திருத்தம் அந்த ஆண்முன்னுரிமையை நீக்கியது. இது பெரிய மாற்றம். ஆனால் இரண்டு விடயங்களை அது தானாகத் தீர்த்துவிடாது. ஒன்று, பழைய மரணங்கள். இறந்த திகதி எது, எந்தச் சட்ட நிலையில் கோப்பு பார்க்கப்படும் என்பதைக் காணிக்கிளையில் முதலிலேயே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இரண்டு, நியமனம் செய்யப்படாத வாழ்க்கைத்துணையின் நிலை. அளிப்புக் காணியில் கணவன் இறந்தால் மனைவிக்கு அதில் இருந்து அனுபவிக்கும் உரிமை உண்டு. ஆனால் அவள் அதைக் கைமாற்ற முடியாது, தனக்குப் பின்னால் யாருக்கென்று நியமிக்க முடியாது, மறுமணம் செய்தால் காணி அடுத்தவருக்குப் போய்விடும். போரில் கணவனை இழந்த இளம் பெண்கள் இவ்வளவு பேர் இருக்கும் மண்ணில் இந்த மறுமண நிபந்தனை எத்தனை பேரைக் கட்டிப் போட்டிருக்கும் என்பதை எந்தப் புள்ளிவிவரமும் காட்டாது. வழக்கப்படி சேர்ந்து வாழ்ந்து, பதிவுத் திருமணம் செய்யாமல் விடுகிறார்கள். அந்த உறவில் பிறக்கும் பிள்ளையின் கதை அங்கிருந்து தனியாகச் சிக்கலாகிறது.

இதற்கெல்லாம் மருந்து உயிரோடு இருக்கும்போதே பின்னுரித்தாளரை நியமித்துப் பதிவது. பிரதேச செயலகக் காணிக்கிளையில் உரிய படிவம் கிடைக்கும். அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்பின் மூலப்பிரதி, அடையாள அட்டை, நியமிக்கப்படுபவரோடு உள்ள உறவைக் காட்டும் பிறப்பு அல்லது திருமணச் சான்றிதழ், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் ஆகியவற்றோடு போக வேண்டும். கவனிக்க வேண்டியது பதிவுத் திகதி. காணிக்காரர் இறப்பதற்கு முன் பதியப்படாத நியமனம் செல்லாது. கையெழுத்து வைத்த தாள் அலுவலக மேசையில் கிடக்க, ஆள் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினால் எல்லாம் வீண். எனவே படிவத்தைக் கொடுத்ததோடு திரும்பாமல், பதிவேட்டில் ஏறிய பதிவு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வர வேண்டும்.

முதியவர்கள் ஏன் நியமிக்கத் தயங்குகிறார்கள்? எழுதிக் கொடுத்தால் நாளைக்கே பிள்ளை தங்களை வெளியே தள்ளிவிடும் என்ற பயம். இந்தப் பயத்துக்கு நேரான பதில் ஒன்று உண்டு: நியமனத்தை, நியமிக்கப்பட்டவரின் சம்மதம் இல்லாமலே, காணிக்காரர் எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம், வேறொருவரை நியமிக்கலாம். நியமனம் உரிமையை இன்றைக்கே கைமாற்றுவதில்லை. இதை ஒரு கூட்டத்தில் தெளிவாகச் சொன்னாலே படிவம் கேட்டு வருபவர்கள் கூடுவார்கள். சம உரிமை பற்றிய நீண்ட பேச்சுகள் செய்யாததை இந்த ஒரு தகவல் செய்யும்.

மரணம் நடந்துவிட்டால் கவனிக்க வேண்டியது ஆறு மாதம். பின்னுரித்துக்கு உரியவர் அந்தக் காலத்துக்குள் காணியைப் பொறுப்பேற்று ஆட்சியில் இருக்க வேண்டும். முதல் மாதம் மரணத் துடக்கில் (தீட்டில்) போகும். அடுத்தது மரணச் சான்றிதழ், பிறகு பிள்ளைகளின் பள்ளிக்கூடம், பிறகு கடன்காரர். கைம்பெண் கச்சேரி (அரச செயலகம்) பக்கம் போவதற்குள் ஆறு மாதம் ஓடிவிடும். அவள் அந்தக் காணியிலேயே இருந்தால் ஆட்சி தொடர்கிறது. தாய்வீட்டுக்குப் போய்விட்டால்தான் ஆபத்து. செத்தவீட்டுக்குப் பிறகு "கொஞ்சக் காலம் எங்களோட வந்து இரு பிள்ளை" என்று அழைக்கும் அன்பு சில வேளை காணியை இழக்கச் செய்துவிடும். போவதென்றால் கமக்காரர் அமைப்புக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுத்தில் அறிவித்து, அந்தக் கடிதத்தின் பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி வைத்திருக்க வேண்டும்.

காணாமற் போனவரின் பேர்மிற் இன்னும் கடினமானது. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மரணச் சான்றிதழ் எடுக்கலாம்; ஆனால் "அவர் செத்துப்போனார் என்று நானே கையெழுத்து வைக்க மாட்டேன்" என்று சொல்லும் மனைவியையும் தாயையும் யாரும் வற்புறுத்தக்கூடாது. அதற்காகத்தான் 2016 இன் திருத்தம் காணாமற் போனமைக்கான சான்றிதழைக் கொண்டுவந்தது. அது குடும்ப அலுவல்களை நடத்த உதவும், ஆனால் மரணத்தால் மட்டும் திறக்கும் பின்னுரித்துக் கதவை முழுதாகத் திறக்காது. எந்தச் சான்றிதழ் எதற்குப் பயன்படும் என்று சொல்லிவிட்டு முடிவைக் குடும்பத்திடம் விடுவதே ஒழுங்கு. கமக்காரர் அமைப்பு தன் அளவில் ஒன்று செய்யலாம்: காணாமற் போனவரின் வயலைச் செய்பவர் மனைவி என்று பதிவேட்டில் அனுபவிப்பவராகக் குறிக்கக் கமநல நிலையத்துக்குப் பரிந்துரைக்கலாம். அதற்கு உரித்து முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

பத்திரமே இல்லாதவர்கள்? இடப்பெயர்வில் தொலைந்தது, எரிந்தது, பங்கருக்குள் நனைந்து கரைந்தது. அலுவலகப் பதிவேடுகளும் பல இடங்களில் அழிந்தன. அந்த நிலையில் சின்னச் சின்னத் தாள்களே கைகொடுக்கும்: ஏக்கர் வரி ரசீது, பயிர்க்கடன் எடுத்த வங்கிப் புத்தகம், பழைய வாக்காளர் இடாப்பு, கூப்பன் அட்டை, உர மானியத் துண்டு. இவற்றைச் சேர்ப்பதில் பெண்களே தேர்ந்தவர்கள். முள்ளிவாய்க்கால் வரை சுமந்து போன பைக்குள் எந்தத் தாள் இருந்தது என்று வீட்டில் அவர்களுக்குத்தான் தெரியும். போர்க்காலத்தில் அப்போதைய நிர்வாகம் காட்டிய காணியில் இருக்கிறவர்களுக்கு அந்தத் துண்டு உரிமைச் சான்றாகாது. ஆனால் எந்த ஆண்டிலிருந்து அங்கே இருக்கிறார்கள் என்பதைக் காட்ட உதவலாம், எறிந்துவிடக்கூடாது.

இனி இளையோர். இளைஞருக்குக் காணி என்பது வன்னிக்குப் புதிய யோசனை இல்லை. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர் திட்டங்கள் இருந்தன. துண்டுகள் தகப்பன்மார் பெயரில் இல்லாமல் இளைஞர் பெயரிலேயே கொடுக்கப்பட்டன. எழுபதுகளின் முற்பகுதியில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது அந்தத் தோட்டங்கள் நாட்டுக்கே மிளகாய் கொடுத்தன. பெயரும் கையில், தண்ணீரும் கையில் இருந்தால் இளையோர் கமத்தை விட்டு ஓடுவதில்லை என்பதற்கு வேறு ஆதாரம் தேவையில்லை. 1977 க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டு விலை விழுந்தது வேறு கதை.

இன்றைய நிலை எதிர்மாறு. முப்பது வயது மகன் தகப்பனின் நான்கு ஏக்கரையும் தானே உழுது, விதைத்து, மருந்தடித்து, வெட்டுகிறான். பெயர் தகப்பனுடையது. வங்கிக்குப் போனால் கடன் கிடையாது, காப்புறுதி கிடையாது, கூட்டத்தில் "கொப்பரை (அப்பாவை) வரச்சொல்லு" என்பார்கள். குத்தகைக்குச் செய்பவன் நிலை இன்னும் மோசம். வயல்காரர் ரொறொன்ரோவிலோ லண்டனிலோ இருப்பார். போகத்துக்குப் போகம் வாய்ப்பேச்சு. அவர் ஏன் எழுதித் தர மறுக்கிறார் என்று பார்த்தால், அதற்கும் சட்டமே காரணம். நெற்காணியில் குத்தகைக்குச் செய்பவருக்குக் கமநல அபிவிருத்திச் சட்டம் பாதுகாப்புக் கொடுக்கிறது. நினைத்தவுடன் எழுப்ப முடியாது. அந்தப் பயத்தில் காணிக்காரர் எழுத்தே வேண்டாம் என்கிறார், இரண்டு போகத்துக்கு மேல் ஒருவருக்குக் கொடுக்காமல் ஆளை மாற்றுகிறார். பாதுகாக்க வந்த சட்டம் பாதுகாப்பில்லாத குத்தகையை வளர்த்துவிட்டது. இதைச் சுற்றிப்போக ஒரு மந்திரமும் இல்லை. அமைப்பு செய்யக்கூடியது, போகம், ஏக்கர், குத்தகை மூட்டை அல்லது பணம், செய்பவர் பெயர் ஆகிய நான்கையும் தன் குறிப்பேட்டில் பதிந்து இரு பக்கமும் கையெழுத்து வாங்குவது. உரமும் நட்டஈடும் செய்பவரின் கைக்குப் போக அது போதும். சட்டம் தந்த பாதுகாப்பை அந்தப் பதிவு எடுத்துவிடாது, எடுக்கவும் கூடாது. அதை காணிக்காரருக்கு முன்கூட்டியே ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

இங்கே ஒன்றை நிறுத்திச் சொல்லியாக வேண்டும். பெண்கள், இளையோர் என்று பேசும்போது வயல்காரரின் மனைவியும் மகனும் மட்டுமே நினைவுக்கு வருகிறார்கள். கிளிநொச்சியின் மலையாளபுரம், சாந்தபுரம், பாரதிபுரம் போன்ற ஊர்களில் மலையகத்திலிருந்து 1977 இனவன்செயலோடும் அதற்கு முன்னும் பின்னும் வந்து குடியேறியவர்கள் இருக்கிறார்கள். காடு வெட்டி, வாய்க்கால் வெட்டி, மற்றவரின் வயலில் கூலிக்கு நின்று மூன்று தலைமுறை ஆகிறது. பெயரில் வயல் இல்லாததால் கமக்காரர் அமைப்பில் அவர்களுக்கு இடமில்லை. சீர்திருத்தத்தில் அவர்களுக்கு ஓர் இருக்கை இல்லையென்றால், ஏற்கெனவே காணி உள்ள வீடுகளுக்கு இரண்டாவது குரல் கொடுத்ததாகத்தான் முடியும். கூலித்தொழிலாளர், குத்தகைக்காரர் சார்பில் வாக்குரிமையுள்ள இடங்களை நிர்வாகக் குழுவில் தனியாக ஒதுக்குவது பெண்கள் ஒதுக்கீட்டை விடக் கடும் எதிர்ப்பைச் சந்திக்கும். எதிர்ப்பு வருகிற இடத்தில்தான் ஏதோ உண்மையாகவே மாறுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கூட்ட விதிக்கு வருவோம். வீட்டுக்கு ஓர் அங்கத்தவர் என்ற பழக்கத்தை மாற்ற முயன்றால் முதலில் எழும் கேள்வி: "ஒரு வீட்டுக்கு இரண்டு வாக்கா?" நியாயமான கேள்விதான். வாக்கைப் பிரித்துவிட்டால் பதில் வந்துவிடும். தண்ணீர் திறக்கும் திகதி, நெல்லின் வயது போன்ற வயல் சார்ந்த முடிவுகளுக்குக் காணிக்கு ஒரு வாக்கு. அதைக் கணவனோ மனைவியோ மகளோ போடலாம். நிர்வாகத் தெரிவு, நிதி, ஒப்பந்த வேலை, பொதுநிலம் ஆகியவற்றுக்கு ஆளுக்கு ஒரு வாக்கு. இந்த இரட்டை முறையை அமைப்பின் யாப்பில் எழுதிப் பொதுக்கூட்டத்தில் நிறைவேற்றிக் கமநல நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். வாய்மொழித் தீர்மானமாக விட்டால் அடுத்த தலைவர் வந்ததும் காணாமற் போகும்.

நிறைவெண்ணில் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்த வருகை) பெண்களைக் கட்டாயமாக்குவது நல்ல யோசனைபோலத் தோன்றும். அங்கேயும் ஒரு பொறி உண்டு. மூன்றில் ஒரு பங்கு பெண்கள் வராவிட்டால் கூட்டம் ஒத்திவைக்கப்படும் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கும் விதித்துவிட்டால், மழை பார்த்து விதைக்கிற காலத்தில் ஒரு வாரம் தள்ளிப்போகும். நெல் பிந்தினால் பழி பெண்கள் தலையில் விழும். அந்த விதியை வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கும் நிர்வாகத் தெரிவுக்கும் மட்டும் வைத்தால் போதும்.

குழுவில் ஒரு பெண்ணை மட்டும் சேர்ப்பது சேர்க்காமல் விடுவதற்குச் சமம். தேநீர் ஊற்றவும் குறிப்பெழுதவும் அவளை வைத்துவிடுவார்கள். குறைந்தது மூவர் வேண்டும், அதில் ஒருவராவது வாய்க்கால், வேலி பார்க்கும் உபகுழுவில் இருக்க வேண்டும். பொருளாளர் பதவியைப் பெண்ணுக்குக் கொடுப்பது இப்போது நாகரிகமாகிவிட்டது. கணக்கும் அதன் சிக்கலும் அவளிடம், முடிவு தலைவரிடம். இன்னொரு வழுக்கல்: "பெண்களுக்கு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் இருக்குதே." அந்தச் சங்கம் சுழற்சிக் கடனும் கோழிக்குஞ்சும் கொடுக்கும், குளமும் காணியும் அதன் மேசைக்கு வராது. இரண்டையும் இணைப்பதென்றால், மாதர் சங்கத்திலிருந்து இருவர் கமக்காரர் அமைப்பின் நிர்வாகத்தில் வாக்குரிமையோடு இருக்க வேண்டும். வெறும் பார்வையாளராக வைப்பதில் பலனில்லை.

நேரமும் இடமும் சின்ன விடயம்போலத் தெரியும். கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தால் மாதவிலக்கில் உள்ளவரும், துடக்கு வீட்டாரும் வர முடியாது. காணிப் பேச்சு அதிகம் தேவைப்படுவது செத்தவீடு நடந்த வீட்டாருக்குத்தான். பொதுநோக்கு மண்டபம், பள்ளிக்கூடம், கமநல நிலையம் ஆகியவற்றில் வைக்கலாம். காலை பத்து மணிக்கு வைத்தால் கூலிக்குப் போகும் பெண்ணும் ஆடைத்தொழிற்சாலை பஸ்ஸில் போகும் இளையோரும் இல்லை. மாலை ஆறுக்கு வைத்தால் யானைப் பாதையில் இருப்பவர்கள் பயந்து வரமாட்டார்கள். பௌர்ணமிப் போயா விடுமுறை நாள் பின்னேரம் மூன்று மணி பல ஊர்களுக்குப் பொருந்தும். அறிவித்தல் ஏழு நாளுக்கு முன் போக வேண்டும். வட்சப் குழுவில் போட்டால் இளையோருக்குப் போய்ச் சேரும். பால் சேகரிக்கும் இடத்தில் ஒட்டினால் பெண்களுக்கு.

தண்ணீர்ப் பங்கில் கணக்குத் தெரியாதவர் ஏமாறுவார். 100 ஏக்கர் குளத்தில் சிறுபோகத்துக்கு 25 ஏக்கருக்குத் தண்ணீர் இருக்கிறது என்று வைப்போம். நான்கு ஏக்கர்காரருக்கு ஒரு ஏக்கர், ஒரு ஏக்கர்காரருக்குக் கால் ஏக்கர். கால் ஏக்கருக்கு உழவு மெசினும் வெட்டு மெசினும் வராது, வந்தாலும் கட்டாது. கடைசியில் கைம்பெண்ணின் கால் ஏக்கரும் இளைஞனின் கால் ஏக்கரும் கொஞ்சக் காசுக்குப் பெரிய கமக்காரரிடம் போய்ச் சேரும். பங்கு சரியாகத்தான் பிரிக்கப்பட்டது, பலன் மட்டும் ஒரு பக்கம். இதைத் தடுக்க, சிறு பங்குகளை ஒரே வாய்க்காலின் தலைப்பக்கத்தில் அடுத்தடுத்து ஒதுக்க வேண்டும். எட்டுப் பேரின் கால் ஏக்கர் சேர்ந்தால் இரண்டு ஏக்கர் ஒரே வரவையாகும், ஓர் உழவு, ஒரு வெட்டு. வெளிநாட்டில் இருப்பவர்களின் பங்கை அமைப்பே ஏற்று, காணியில்லாத இளையோருக்கும் பெண்களுக்கும் முன்னுரிமைப் பட்டியல்படி கொடுக்கலாம்; குத்தகையின் உச்ச அளவைக் கூட்டத்தில் தீர்மானித்து, ரசீதும் கொடுக்க வேண்டும். இதில் நடக்கும் வழமையான களவு பினாமி: பட்டியலில் ஒரு பொடியன் பெயர், வயலில் நிற்பது பெரிய கமக்காரரின் டிரக்டர். விதைநெல் யார் வாங்கியது, உரம் யார் கையொப்பத்தில் எடுத்தது, நெல் விற்ற காசு யாருடைய கணக்கில் விழுந்தது என்ற மூன்றையும் பார்த்தால் பிடிபடும்.

வாய்க்கால் துப்புரவை "ஆள்" கணக்கில் கேட்பதை நிறுத்த வேண்டும். பெண் போனால் அரை ஆள் என்று எண்ணுவார்கள், அல்லது அவள் சம்பளத்துக்கு ஆள் பிடிக்க வேண்டும். 60 ஏக்கருக்கு 600 மீற்றர் வாய்க்கால் என்றால் ஏக்கருக்கு 10 மீற்றர். இரண்டு ஏக்கர்காரிக்கு 20 மீற்றரைக் கயிறு பிடித்து முளை அடித்துக் கொடுத்துவிட்டால், அவள் தானே வெட்டுவாளோ பிள்ளைகளோடு இரண்டு நாளில் வெட்டுவாளோ, அது அவளுடைய பாடு. முறைத்தண்ணீர் இரவில் வந்தால் தனியாக வயலுக்குப் போக முடியாத வீடுகளுக்குப் பகல் முறை என்று ஒதுக்குவதை விட, முறையைக் கிழமைக்குக் கிழமை சுழற்றி, ஏக்கர் கணக்கில் கூலி கொடுத்துத் தண்ணீர் பார்ப்பவர் ஒருவரை வைப்பதே நீடிக்கும். சலுகையாகக் கொடுத்ததை அடுத்த போகத்தில் பறிப்பார்கள்.

கடைசியாக, பொதுநிலம். குளத்து நீர் ஏறி இறங்கும் அலைகரை, மேய்ச்சல் தரை, குளத்துக்கு மேற்பக்கத்துக் காடு. வன இலாகாவின் எல்லைக்கல் போரில் கைவிடப்பட்ட வயல்களுக்குள்ளும் நடப்பட்டிருக்கிற நிலையில், ஊரின் பயன்பாட்டை வரைந்து வைப்பது அவசரமான வேலை. ஆண்கள் மட்டும் வரைந்தால் கட்டு, துருசு (மதகு), கலிங்கு (மிகைநீர் வழி), மாட்டுப்பட்டி வரும். பெண்களோடு நடந்தால் பாய் பின்னும் பன் புல் வெட்டும் இடம், பாலைப்பழம் பொறுக்கும் காடு, விறகுப் பாதை, கோடையிலும் ஊறும் பூவல் (தோண்டிய சிறு நீர்க்குழி), குளிக்கும் துறை எல்லாம் வரும். இந்த நடைக்கு இளையோரின் கைபேசி நல்ல துணை. ஆனால் கைபேசியின் இடங்காட்டி சில மீற்றர் பிசகும், மரநிழலில் இன்னும் கூடும். காட்டின் நடுவே ஒரு குளத்தைக் குறிக்க அது போதும். இரண்டு வளவுக்கு நடுவே வேலியைத் தீர்மானிக்கப் போதாது. அதற்கு நில அளவையாளரின் வரைபடமே செல்லும். ஆகவே கைபேசி வரைபடத்தின் மேல் "பயன்பாட்டுக் குறிப்பு, எல்லை வரைபடம் அல்ல" என்று எழுதி, நடந்தவர்களின் கையெழுத்து, திகதி, வயது மூன்றையும் கீழே சேர்க்க வேண்டும். எழுபது வயது அம்மாவின் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவர் எந்த ஆண்டிலிருந்து அந்தக் குளத்தில் பன் வெட்டினார் என்பதையும் எழுதிவிடுங்கள். ஒரு பிரதி கிராம அலுவலருக்கு, ஒன்று பிரதேச காணிப் பயன்பாட்டுக் குழுவுக்கு, ஒன்று அமைப்பின் அலுமாரிக்கு, நான்காவது மாதர் சங்கத்திடம். அலுமாரிச் சாவி எப்போதும் தலைவரின் வீட்டில்தான் இருக்கும்.